கிரிவலத்தில் நலம் விசாரிப்பு

விமல்ராஜும் கீதாஞ்சலியும் எம்.பி.ஏ.வில் ஒரே வகுப்பு. நின்று பேசி வருடக்கணக்காகிறது. இன்று கிரிவலப் பாதையில் இருவர் கையிலும் போன் இல்லை; வேறு வழியின்றிப் பேசினார்கள்.

“இப்ப எங்க வேலை?” என்றாள் கீதாஞ்சலி.

“சிமெண்ட் கம்பெனில சேல்ஸ் ஹெட். சேர்ந்து மூணு மாசம் ஆவுது. நீ?”

“அதே பேங்க்தான். இப்ப ரீஜனல் மேனேஜர்.”

“பரவால்லயே. வீட்டுக்காரரு எப்படி?”

“தங்கமானவரு. லேப்டாப்போட குடித்தனம் பண்றாரு. உன் வொய்ஃப்?”

“ரொம்ப அக்கறை. சாப்டியானு மெயில்ல கேப்பா.”

“குடுத்து வச்சவன். குழந்தைங்க?”

“ஒரே பொண்ணு. அஞ்சாவதுனு நெனைக்கிறேன்.”

“எனக்கும் ஒண்ணுதான். ஆறாவது.”

சுற்றி முடித்தார்கள். ராஜகோபுர வாசலில், இருவரின் போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு விமல்ராஜின் அம்மா சரோஜா காத்திருந்தார்.

“என் வேண்டுதலுக்காகவாவது புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கினே சுத்துனீங்களா?”

“பேசினோம் அத்தை,” என்று போனை வாங்கிக்கொண்டாள் கீதாஞ்சலி. “இவரு கம்பெனி மாறிட்டாராம்.”