பன்னிரண்டு தகடுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடுகளின் மேல் இரும்புத் துருவை மெல்லிய படலமாகப் பூசுகிறோம். தண்ணீரில் வைத்து வெயிலில் காட்டினால், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க அந்தத் துரு உதவும். மாலையில் பன்னிரண்டு தகடுகளை உலையில் அடுக்கிவிட்டுப் போனால் காலையில் செக்கச்செவேலென்று வெந்திருக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் ரேகை பதிந்து தகடு வீணாகிவிடும்.

என் கணவரும் இங்கேதான் வேலை பார்த்தார். கையுறை என்றாலே அவருக்கு ஆகாது. போன வருடம் அவர் இறந்த பிறகு உலை என் பொறுப்புக்கு வந்தது.

மூன்று வாரமாகத் தினமும் ஒரு தகட்டின் மூலையில் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அதன் குறுக்கே, கண்ணாடி வெட்டும்போது அவருக்கு விழுந்த தழும்பும் இருக்கிறது.

"வீட்டுக்காரர் பழக்கம் உங்களுக்கும் ஒட்டிக்கிச்சாம்மா?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். "இன்னொண்ணு வீணாச்சுன்னா உலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

அன்று மாலை பெரிய அளவில் ஒரு ஜோடி கையுறையை உலையின் மேல் வைத்தேன்.

"இதைப் போட்டுக்கோங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து நான் இங்க இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

காலையில் பன்னிரண்டு தகடுகளும் மாசுமறுவில்லாமல் இருந்தன. தலைவருக்கு வாயெல்லாம் பல். கையுறைகள் அவசரமாகக் கழற்றியதுபோல் உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தன. விரல் நுனிகளில் வியர்வை இன்னும் காயவில்லை.

கல்யாணமான பதினாறு வருடத்தில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறார். கையுறைகளைச் சரியாகத் திருப்பி, மாலைக்கென்று உலையின் மேலேயே வைத்தேன்.