பன்னிரண்டாவது ரிலே

செண்பகவடிவு வேலை பார்த்த துணைமின் நிலையத்தில், கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கும் ரிலேக்கள் பதினொன்று இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் ஒரே கம்பி வழியாக நேரம் ஊட்டிவந்தது. பொறியாளர் பன்னிரண்டாவதையும் அதே கம்பியில் கோத்தார். பாரம் தாங்காமல் சிக்னல் துவண்டது. பாரத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கம்பியின் கடைசியில் வந்த சிக்னலை வாங்கி அடக்கும் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டார். சிக்னல் துள்ளி எழுந்தது. ஆனால் கம்பி முனையில் இறங்க இடமில்லாமல் நேரம் முட்டித் திரும்பியது. அதை இரண்டு தரம் வாங்கிக்கொண்ட கடைசி ரிலே, அந்தப் பன்னிரண்டாவது, நேரத்தில் முன்னால் ஓடிவிட்டது.

"எல்லாம் ஒரே நேரம் காட்டுதுன்னு கையெழுத்துப் போடும்மா," என்றார் பொறியாளர்.

"மாட்டேன் சார். பதினொண்ணு நாப்பதுக்கு லைன் கட்டாச்சுன்னு பன்னெண்டாவது பதிஞ்சு வச்சிருக்கு. இப்ப மணி பதினொண்ணு முப்பத்தேழு. லைன்ல கரண்டு ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"மூணு நிமிஷத்துல குடியா முழுகிடும்? போடலைன்னா உன்னை மலை உச்சிக்கு மாத்திடுவேன்."

"தாராளமா மாத்துங்க. அங்கயும் பொழுது ஒழுங்காத்தான் விடியுது. இந்தப் பொய்க்குக் கீழ எம்பேரு வராது. வேணும்னா நீங்களே போட்டுக்குங்க."

பொறியாளர் விறைப்பாகத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மணி பதினொன்று முப்பத்தொன்பது. பேனா அந்தரத்தில் நின்றது.

செண்பகவடிவு கையைக் கட்டிக்கொண்டாள்.

"போடுங்க சார். ஊருக்கு இன்னும் ஒரு நிமிஷம் கரண்டு இருக்கு."