ஒரு கையெழுத்துக்கு எத்தனை கேள்வி

"கையெழுத்தைப் போடும்மா! புருசன் நெஞ்சுல அடைப்பை வெச்சிக்கிட்டுக் கெடக்கறப்ப உனக்கென்ன யோசனை?"

கிருஷ்ணப்பன் போட்ட சத்தத்தில் ஓசூர் ஆஸ்பத்திரியின் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் கிடந்த செல்வத்துக்கு மானமே போனது. அண்ணன் கத்துவதும் நியாயம்தானே? ஆஞ்சியோவில் எழுபது சதவீத அடைப்பு. நாளைக்கே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று டாக்டர் எஸ்லின் சம்மதப் படிவத்தை நீட்டுகிறார். மனைவி முத்துமணியோ பேனாவைத் தொடவில்லை.

"போன வருசம் பெங்களூர்ல எனக்கு வெச்சாங்க. பாரு, கல்லு மாதிரி நிக்கிறேன்!"

முத்துமணி டாக்டரைப் பார்த்தாள்.

"மேடம், இவருக்கு மாடி ஏறினாத்தான் நெஞ்சு இறுக்குது. சும்மா இருக்கறப்ப ஒண்ணுமில்ல. அந்த அடைப்பு நெசமாவே ரத்தத்தைத் தடுக்குதான்னு அளந்து பாக்க முடியாதுங்களா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடியும். மெல்லிய கம்பியை உள்ள விட்டு, அடைப்பைத் தாண்டி அழுத்தம் எவ்வளவுன்னு பாக்கலாம். பாத்துட்டே முடிவு பண்ணுவோம்."

"காலத்தைக் கடத்துறா! தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

செல்வம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பதினாறு வருசம் கூட வாழ்ந்தவள், இப்படியா?

மறுநாள் சோதனை முடிந்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அடைப்பைத் தாண்டியும் நூத்துக்கு எண்பத்தொன்பது பங்கு அழுத்தம் இருக்கு! எண்பதுக்குக் கீழ இறங்கினாத்தான் ஸ்டென்ட் பத்தி யோசிக்கணும். மாத்திரை, தினம் நடை, பீடியை அடியோட விடணும். வலி கூடினா மட்டும் உடனே ஓடி வாங்க."

கிருஷ்ணப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "நர்ஸம்மாவுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கியாறேன்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

செல்வம் மனைவியின் கையைப் பிடித்தான். "பத்தாவதோட நின்னவ நீ. இந்தக் கேள்வியெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

முத்துமணி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கண்ணனுக்கு மாத்திரை ஒத்துக்கலைன்னு, அவரு ரிப்போர்ட்டை கிருஷ்ணகிரி டாக்டர்கிட்ட கொண்டுபோனேன்ல? இவருக்கு ஸ்டென்ட் வெச்சதே தேவையில்ல, வைக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேட்டிருக்கணும்மான்னாரு. உங்கண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. அதாலதான் பொழைச்சேன்னு தெம்பா நடமாடறாரு. என்னை ஏசினா ஏசிட்டுப் போகட்டும்."