வியாழக்கிழமை உதறல்

“இந்தக் காருக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு, தம்பி. நீயும் கைய விரிச்சிட்டீன்னா நான் மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்,” என்றாள் சசிகலா.

தர்மபுரி பைபாஸ் ஓரத்தில் ஆசிமின் பட்டறை. மின்சாரக் கார் பார்க்கத் தெரிந்த ஆள் என்று அவனுக்குப் பெயர். சசிகலா வத்தல்மலைக்குப் போய்வரும் கிராமச் செவிலியர். கீழே வேலை கேட்டு எழுதிய மாறுதல் மனு அவள் கைப்பையிலேயே இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“எப்ப இருந்து உதறுது, சிஸ்டர்?”

“நாலு மாசமா. ஒவ்வொரு வியாழக்கிழமையும் மலைக்குப் போயிட்டு எறங்குறப்ப ஒரு சுத்து கூடுது. வளைவுல திருப்பும்போது ஸ்டியரிங்கப் பிடிக்கவே பயமா இருக்கு. பெட்ரோல் வண்டின்னா எஞ்சின் சத்தத்துல தெரியாது. இது கரண்டு வண்டி, கொசு பறந்தாலும் கேக்கும்.”

“கம்பெனியில காட்டலீங்களா?”

“காட்டாம இருப்பனா? கம்ப்யூட்டர மாட்டிப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லேன்னாங்க. சந்தேகத்துக்கு, சக்கரத்தச் சுத்துற ஆக்ஸில மட்டும், பழச உத்துக்கூடப் பாக்காம புதுசா மாத்திக் குடுத்தாங்க. ஒரு வாரம் வெண்ணெயா ஓடுச்சு. மறுபடி ஆரம்பிச்சிருச்சு.”

ஆசிம் காரைத் தூக்கி நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றினான். சசிகலாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எனக்கென்னமோ மலையில ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கலைன்னு தோணுது. ஸ்கேனுக்கு வரலைன்னா திட்டுறேன், மாத்திரை முழுங்கலைன்னா திட்டுறேன். பதினாறு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசுனா போலீஸக் கூப்பிடுவேன்னு கத்துறேன். அப்புறம் யாருக்குப் பிடிக்கும்? மூணு மாசம் முன்னாடி பெரியண்ணன்னு ஒருத்தன் என் கார் டயர்கிட்டக் குந்தியிருந்தான். என்னடான்னு கேட்டா, செருப்பு அடியில போயிருச்சுங்கறான். அவன் பொண்டாட்டி வெண்மதிய, கொட்டுற மழையில இந்தக் கார்லதான் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். பாதி மலையில, பின் சீட்டுலயே புள்ள பொறந்துச்சு. அந்த நன்றிகூட இல்ல பாரு.”

“சிஸ்டர், கொஞ்சம் இங்க வாங்க.”

ஆசிம் டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே ஆக்ஸிலைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு, பக்கத்திலேயே நெருக்கமாகப் பத்துச் சின்ன முடிச்சுகள். எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன.

“இவ்வளவு கனம் ஒரே பக்கமா இருந்தா ஆக்ஸில் சுத்துறப்ப உதறாம என்ன செய்யும்?” என்றபடி அறுத்து எடுத்தான். ஒன்றைப் பிரித்தான். உள்ளே ஒற்றை ரூபாய் நாணயம்.

சசிகலா ஓரடி பின்வாங்கினாள்.

“செய்வினை தம்பி. கறுப்புத் துணியில முடிஞ்சிருக்காங்க. நான் மலையேறக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. ஆறு வருஷம் நாயா அலைஞ்சதுக்கு இதான் மரியாதை.”

மனுவை எடுத்தாள். “பேனா இருந்தா குடு.”

“அவசரப்படாதீங்க, சிஸ்டர். ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க.”

கேட்காமல் விடுவதாக அவளுக்கும் இல்லை. வெண்மதியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“வெண்மதி, உன் வூட்டுக்காரன் என் கார்ல என்ன கட்டுனான்? மறைக்காம சொல்லு.”

குழந்தை சிணுங்கும் சத்தத்துக்கு நடுவே வெண்மதியின் குரல் வந்தது.

“வண்டி நல்லா ஓடணும்னு வேண்டி மஞ்சத் துணியில காசு முடிஞ்சு கட்டுனாருங்க, நர்ஸம்மா. பாப்பா அதுலதானுங்களே பொறந்துச்சு. உங்ககிட்டச் சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல.”

ஆசிம் ஒரு முடிச்சைத் துணியால் அழுத்தித் துடைத்தான். கிரீஸ் போன இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

“கட்டுறதுக்கு வேற எடமா இல்ல?” என்றாள் சசிகலா. குரல் இறங்கிவிட்டது.

“மாட்டு வண்டிக்கு அச்சுலதானுங்க கட்டுவோம். சக்கரம்தான் சுத்தும், அச்சு அசையாது. முடிச்சு பத்திரமா இருக்கும்.”

“கார்ல அச்சுதாங்க சுத்தும்,” என்று ஆசிம் முணுமுணுத்தான்.

“சரி, நீங்க கட்டுனது ஒண்ணு. இங்க பதினொண்ணு இருக்கே, மீதியெல்லாம் யாரு?” என்று கேட்டாள் சசிகலா.

“மொதல்ல எங்களுது ஒண்ணுதானுங்க, அந்தப் பெரிய முடிச்சு. அப்புறம் நடுவுல பாத்தா அதையே காணோம். அவுந்து விழுந்துருச்சுன்னு மறுபடியும் கெட்டியா கட்டுனாரு. அதுக்கப்புறம்தானுங்க நீங்க வந்து, ‘வண்டி உதறுது, இது நிக்கலைன்னா மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிருவேன்’னு சொன்னீங்க. நீங்க போயிட்டா எங்கள யாருங்க திட்டுவாங்க? அதான் நர்ஸம்மா, நீங்க பிரசவம் பாத்த வூட்டுக்காரங்க எல்லாம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆளுக்கொரு முடிச்சா, உங்க உதறல் நிக்கணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டிட்டு இருக்கோம். இன்னும் நாலு வூடுதான் பாக்கி.”

சசிகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “கட்டுங்க கண்ணு, நல்லாக் கட்டுங்க, ஆனா முன்னாடி கண்ணாடியில கட்டச் சொல்லு,” என்றவள், கிரீஸ் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அந்த மனுவை ஆசிமிடம் நீட்டினாள்.