நாலாவது கையெழுத்து

"சொந்தப் புருசனைக் கதிரையால இறக்க நீரே கையெழுத்து வாங்கித் திரியிறீர். வெக்கமில்லையோ?" என்று கந்தப்பு சிரித்தார்.

நெடுந்தீவில் பிரதேச சபையை ஆளும் கட்சிக்கு, கந்தப்புவோடு சேர்த்து ஏழு உறுப்பினர்கள். சபைத் தலைவரான தவிசாளர் பஸ்ரியாம்பிள்ளையை மாற்ற நாலு பேரின் கையெழுத்து வேண்டும். மூன்று கிடைத்துவிட்டது.

"வள்ளம் ஓடாட்டியும் சனம் அவரைத்தான் திட்டுது, அண்ணை. நீங்களும் ஒரு வருசமா அதைத்தானே சொல்லுறியள்," என்றாள் மேரிசுகந்தி.

"அப்ப அவர் தானா விலகட்டுமன்."

"ஏலாதாம். ஆருக்கும் பயந்து விலகமாட்டன் எண்டு நிக்கிறார்."

"சரி, அடுத்த தவிசாளர் ஆர்?"

"நீங்கள்தான். மற்ற மூண்டு பேருக்கும் சம்மதம்."

கந்தப்பு உடனே கையெழுத்து வைத்தார்.

மாதக் கடைசி நாளில் பஸ்ரியாம்பிள்ளை பதவி இழந்தார். மறுநாள் காலை கந்தப்பு அந்தக் கதிரையில் அமர்ந்தார். வீட்டிலிருந்த சபைக் கோப்புகளை மேரிசுகந்தியே கொண்டுவந்து கொடுத்தாள்.

"உம்மை மறக்கமாட்டன், பிள்ளை."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

முதல் கோப்பில் ஒரு கடிதம் இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் வந்தது.

'தவிசாளருக்கு, இந்த மாதம் முடிந்த பிறகும் அந்தக் கதிரையில் இருப்பவர் சுடப்படுவார்.'

கந்தப்பு கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பஸ்ரியாம்பிள்ளையின் பெயர் எங்கும் இல்லை.