இளவரசி அகேலி

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ரெஸ்டு" என்றார் ராயப்பன். "எங்க மாப்பிள்ளை நாக்பூர்லேர்ந்து வர்றாரு. இந்தி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. சீரியல் கதைய அவரே சொல்லிடுவாரு."

"நல்லதாப் போச்சு. எனக்கும் தொண்டை கட்டிக்கினு பேஜாரா இருக்குது" என்றார் வெங்கடாசலம். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு டி.வி.தான். தையல்நாயகி அம்மாள் வீட்டு டி.வி. மிலிட்டரிக்காரரான கணவர் போன பிறகு இங்கே குடிவந்தவர். சுவரில் அந்த மிலிட்டரிக்காரர் யூனிபார்மோடு மாலைக்குள் இருப்பார், கீழே டி.வி. இருக்கும். அந்தம்மாள் ஞாயிறு காலையில் கதவைத் திறந்து பாய் விரிப்பார், எல்லோருக்கும் டீ கொடுப்பார், மூலையில் உட்கார்ந்துகொள்வார். பேச்சு என்று ஒன்றும் கிடையாது.

மாயாஜால சீரியல். பேசுவதெல்லாம் இந்தி. அவித்த மல்லாட்டைக் கடலையோடு வந்து உட்காரும் ஜனத்தில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. எடுத்துச் சொல்லும் வெங்கடாசலத்துக்கும் தெரியாது. அது வெங்கடாசலத்துக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

பம்பாயில் ஓட்டல் நடத்தியதாகச் சொல்லி வைத்திருந்தார். பம்பாய் ரயிலில் ஏறியது நிஜம். பசியெடுத்து அரக்கோணத்தில் இறங்கிவிட்டதும் நிஜம். மற்றபடி அவர் ஆயுசெல்லாம் வல்லத்து டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழித்ததிலேயே போனது. மாயாஜாலப் படம் வந்தால் கிழிப்பதை விட்டுவிட்டு உள்ளே போய் நின்றுவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு இந்த டி.வி.க்காரர்கள் மேல் தீராத வருத்தம். கொட்டகையில் ராட்சசன் சிரித்தால் தரை டிக்கெட்டில் மணல் அதிரும். இவர்கள் ராட்சசன் ஜலதோஷம் பிடித்த தாசில்தார் மாதிரி இருந்தான். அவன் உயிரை ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் வைக்க வேண்டும் என்கிற சாதாரண புத்திகூட வடக்கத்திக்காரர்களுக்கு இல்லை. வெங்கடாசலம் வைத்தார். குதிரை சும்மா நின்று புல் மேய்ந்தது. "பறக்கற குதிரைதான். வெய்யிலுக்கு எறக்கைய மடிச்சு வெச்சிருக்குது" என்றார். கோபுரத்தில் அடைபட்ட இளவரசி வாராவாரம் "அகேலி, அகேலி" என்று அழுதாள். அதையே அவளுக்குப் பேராக வைத்தார். தெருவுக்கு அந்தப் பேர் பிடித்துப்போய், ராயப்பன் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் அகேலி என்றே பேர்.

சம்சாரம் போன பிறகு அவருக்கு வாரம் என்பது அந்த ஒரு காலைதான். மற்ற நாளெல்லாம் அவர் வாயிலிருந்து வருவது "ஒரு டீ" மட்டும். அதுவும் கடைக்காரர் கேட்டால்தான்.

ஞாயிறு வந்தது. போகவேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தார். சுவரும் அவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவமானம் பட்டாலும் நாலு பேர் நடுவில் படலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளை இருதயராஜ் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தான். இளவரசி வந்தாள், அழுதாள். பழக்க தோஷத்தில் வெங்கடாசலத்தின் வாய் முந்திக்கொண்டது. "நான் இளவரசி அகேலி, என் குதிரை எங்கேன்னு கேக்கறா."

இருதயராஜ் திரும்பினான். "குதிரையா? பெரியவரே, அகேலிங்கறது பேரே இல்லீங்க. அவ என்ன சொல்றான்னா…"

மூலையிலிருந்து ஒரு குரல் குறுக்கே வந்தது. தையல்நாயகி அம்மாள். படபடவென்று இந்தி. தெருவே வாயைப் பிளந்தது. இத்தனை வாரமும் இந்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டா உட்கார்ந்திருந்தார்? அவர் பேசியதில் "அகேலி" என்ற ஒரு வார்த்தைதான் வெங்கடாசலத்தின் காதில் தங்கியது.

இருதயராஜ் நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு சொன்னான்: "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். பெரியவர் சொன்னதுதான் சரி. நீங்களே சொல்லுங்க."

"மிலிட்டரி வீட்டம்மாவே ஒத்துக்கினாங்க பாரு" என்று பாயில் இருந்த கோவிந்தம்மாள் மல்லாட்டையை உரித்தாள். ராயப்பனுக்கு முகம் தொங்கிப்போனது. வெங்கடாசலம் கனைத்துக்கொண்டு குதிரையின் இறக்கையை விரித்தார். அன்றைக்குப் பறந்த மாதிரி அது என்றைக்கும் பறந்ததில்லை.

எல்லோரும் கலைந்ததும் மாப்பிள்ளையைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்சது பம்பாய் இந்தி. அந்தம்மா பேசினது வேற ஏதோ இந்தி, சரியாப் புடிபடல. என்னா சொன்னாங்க?"

இருதயராஜ், அங்கே கட்டிக் கிடந்த கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான்.

"அகேலின்னா தனியா இருக்கறவன்னு அர்த்தம் பெரியவரே. 'அகேலி டி.வி.ல அழுவுறவ பேரு இல்ல தம்பி, என் பேரு. அவரு கதைய நிறுத்திட்டா ஞாயித்துக்கிழமைகூட இந்த வாசப்படிய யாரும் மிதிக்கமாட்டாங்க'ன்னு சொன்னாங்க."