பொரி தொடாதவர்

அம்மன் பெயரைச் சுமந்தாலும் துலுக்கானம் பழுத்த நாத்திகர். அம்பத்தூர் பட்டறையில் ஆயுத பூஜைப் பொரியைக்கூடத் தொடமாட்டார்.

மதியச் சாப்பாட்டில், கொச்சியிலிருந்து வேலைக்கு வந்த மிரியத்தை மடக்கினார்.

"சாமி இல்லன்ற. அப்புறம் எப்டிம்மா நீ யூதர்?"

"எங்கம்மா யூதர் சார். எங்க வழக்கப்படி அம்மா யூதர்னா பிள்ளையும் யூதர்தான். நம்பிக்கை போனாலும் பிறப்பு போகாதே?"

"சாமியையே உட்டாச்சு. பொறப்ப மட்டும் இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு தொங்குற?" விழுந்து விழுந்து சிரித்தார்.

செல்போன் அடித்தது. கையெல்லாம் குழம்பு, ஸ்பீக்கரில் போட்டார். கல்யாணத் தரகர்.

"அண்ணாத்தே, நீ கேட்டாப்லயே ஒம் பையனுக்கு நாத்திகக் குடும்பத்துல பொண்ணு கீது!"

"சந்தோசம் நைனா. நம்மாளுங்கதானே?"

மிரியம் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அம்மா வழியிலா சார், அப்பா வழியிலா?"

துலுக்கானம் அசடு வழிந்தார். "ஒங்களுக்கு அம்மா ஒண்ணு போதும். நாங்க ரெண்டு பக்கமும் பாப்போம்மா!"